பஸ்ஸுக்குப் பின்னால் வந்த கார்

செய்தி வந்தபோது நான் கார் நிறுத்தப் போயிருந்தேன். பாளையங்கோட்டையில் அந்த ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிற்கக் கூடாது என்று காவலாளி விரட்டிவிட்டார். அது நீளமான வண்டி. கிடைத்த சந்தில் எல்லாம் நுழையாது. பின்பக்கம் ஒரு வேப்பமரத்தடியில் முன்னும் பின்னும் எடுத்து, ஒருவழியாகச் செருகிவிட்டு இறங்கினேன். சட்டைப்பையில் போன் அடித்தது. அக்காதான். "எங்க நிக்க?" என்று கேட்டாள். வந்துகொண்டே இருக்கிறேன் என்றேன். "மெதுவா வா தம்பி. இனி ஒரு அவசரமும் இல்ல" என்றாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. கார் பானட் இன்னும் சூடாக இருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. காவலாளி மறுபடி வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

சண்முகவேல் அத்தான் என் அக்கா கோமதியின் கணவர். கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டில் பருத்தி விதையும் உரமும் பூச்சிமருந்தும் விற்ற கடைக்காரர் என்று உங்களில் பாதிப்பேருக்கு அவரைத் தெரியும். நாகலாபுரத்துப் பக்கம் மானாவாரி நிலம் வைத்து உளுந்தும் மல்லியும் விதைத்த சம்சாரி என்று மீதிப்பேருக்குத் தெரியும். பொண்டாட்டி போகிற பஸ்ஸுக்குப் பின்னாலேயே கார் ஓட்டிக்கொண்டு வருகிற மனுஷர் என்று எல்லோருக்குமே தெரியும். அதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இந்த வட்டாரத்தில் குறைவு. நானும் சிரித்திருக்கிறேன். இப்போது அதை எழுத உட்கார்ந்தால் கண் மறைக்கிறது.

துட்டி கேட்கச் சாவு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் "நல்ல மனுஷன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. நல்ல மனுஷன்தான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த ஒரு வார்த்தையில் அவரை மடித்து வைத்துவிட முடியுமா? அவர் பிடிவாதக்காரர். கோபம் வந்தால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய், பத்து எட்டு எடுத்து வைத்து, பசி தாங்காமல் திரும்பி வந்து அதே தட்டில் உட்காருகிறவர். கண்ணில் பட்டதை விடமாட்டார். ஒரு தடவை கோடையில், காடெல்லாம் வெறும் கரிசலாக வெடித்துக் கிடந்த நேரத்தில், பழக்கமான சம்சாரி ஒருவர் கடைக்கு வந்து பூச்சிமருந்து கேட்டார். அன்று நானும் கடையில் இருந்தேன். அத்தான் அலமாரிப் பக்கம் திரும்பியவர், அப்படியே நின்று, "பயிரே இல்லாத மாசத்துல மருந்து எதுக்குவே?" என்று கேட்டார். அந்த மனுஷர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அத்தான் வெளியே வந்து அவர் பக்கத்தில் ஒரு விதை மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார். காப்பி வந்தது. அப்புறம் ஒரு காப்பி வந்தது. பருத்தி விலையில் ஆரம்பித்து என்னென்னவோ பேச்சு. ஊரிலிருந்து அவருடைய அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போகிறவரைக்கும் அத்தான் எழுந்திருக்கவே இல்லை. அந்தச் சம்சாரி துட்டிக்கு வந்திருந்தார். ஓரமாக நின்று அழுதுவிட்டுப் போனார்.

இனி காருக்கு வருகிறேன். அத்தானைப் பற்றி எழுதிவிட்டு அந்தக் காரை எழுதாமல் விட்டால் நீங்களே என்னை ஏசுவீர்கள்.

அது ஒரு பழைய கான்டெசா. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர் ஓட்டி அலுத்து, மரத்தடியில் துருப்பிடிக்க விட்டிருந்ததை அத்தான் கேட்டு வாங்கி வந்தார். கரும்பச்சை நிறம். கட்டில் மாதிரி அகலமான பானட், எருமை செருமுகிற மாதிரி ஒரு இன்ஜின் சத்தம். இப்போது வருகிற சின்னக் கார்களுக்கு நடுவில் அது போனால் டீக்கடையில் இருப்பவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். அத்தானுக்கு அதில் ஒரு பெருமை உண்டு. இல்லை என்று அவர் சொன்னாலும் உண்டு. ஆனால் அவருக்குப் பெரிய சந்தோஷம் எது என்றால், சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு கழுகுமலை வரைக்கும் சும்மா போய்வருவதுதான். கோயிலுக்குக்கூட இறங்க மாட்டார்கள். மலையைப் பார்த்துக்கொண்டு காரில் உட்கார்ந்து சுண்டல் தின்றுவிட்டுத் திரும்புவார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறம் இது என்ன கூத்து என்று நான் கேலி பண்ணுவேன்.

அந்தக் கூத்து ஒரு ஐப்பசி மாதத்தில் நின்றுபோயிற்று. நாகலாபுரத்துக் காட்டில் விதைப்பைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். நல்ல மழை பெய்து விட்டிருந்தது. வழியில் ஒரு ஓடை, அதன்மேல் தரைப்பாலம். கரிசல் மண் நனைந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பிடித்தால் விடாது. அந்தச் சகதித் தண்ணீரில் வண்டியை இறக்கி ஏற்றியபோது பின்சக்கரத்து பிரேக் டிரம்முக்குள் சேறும் தண்ணீரும் போய் அடைந்துகொண்டன. கரையேறி வளைவில் திரும்பினால் நடு ரோட்டில் ஆட்டு மந்தை, பின்னால் ஒரு கிழவி. அத்தான் பிரேக்கை மிதித்தார். பின்னால் ஒரு சக்கரம் பிடித்தது, மற்றது பிடிக்கவில்லை. வண்டி வாலைச் சுழற்றிப் பக்கவாட்டில் மந்தைக்குள் போய்விட்டது. கிழவிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு சினையாடு செத்துப்போயிற்று. வண்டியைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சகதியில் எந்த டிரம் பிரேக்கும் அப்படித்தான் செய்திருக்கும்.

முன்சீட்டில் விதைச் சாக்கு கிடந்ததால் அக்கா அன்று பின்சீட்டில், ஆடு அடிபட்ட பக்கத்து ஜன்னலோரம் இருந்தாள். இறங்கினாள். கிழவியோடு சேர்ந்து அந்த ஆட்டின் பக்கத்தில் சகதியிலேயே உட்கார்ந்தாள். கிழவிக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் அத்தான் செய்து முடித்து, வண்டிக் கதவைத் திறந்தபோது, "நான் பஸ்ஸுல வாரேன்" என்று சொன்னாள். சேலையெல்லாம் சேறோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அதற்கப்புறம் அவள் அந்தக் காரில் ஏறவில்லை.

சண்டையும் இல்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் இல்லை. வீட்டில் எல்லாம் எப்போதும்போலத்தான். எங்காவது கிளம்பினால் மட்டும் அத்தான் காரின் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். அக்கா வருவாள், அந்தக் கதவைச் சத்தமில்லாமல் சாத்துவாள், பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடப்பாள். பஸ் கிளம்பும், பின்னாலேயே கான்டெசா கிளம்பும். அத்தான் பஸ்ஸை முந்தவே மாட்டார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பஸ் நின்றால் இவரும் நிற்பார். அக்கா கடைசி சீட்டில் இடம்பிடித்து, பின்கண்ணாடி வழியாக அவ்வப்போது திரும்பிப் பார்த்துக்கொள்வாள். ரயில்வே கேட்டில் கார் மாட்டிக்கொண்டால் கண்டக்டர் விசில் அடிக்காமல், "யக்கா, அண்ணாச்சி இன்னும் வரல, நிக்கட்டுமா?" என்று கேட்பாராம். கார் வைத்திருக்கிற வீட்டுப் பொம்பளைக்கு ஓசி பஸ் கேட்கிறதா என்று ஒருத்தி வம்புக்கு இழுத்ததற்கு, "காருக்குத்தான் டிக்கெட் எடுக்கணும், எனக்கு வேண்டாம்" என்றாளாம் அக்கா. ஓட்டப்பிடாரத்தில் ஒரு கல்யாணத்துக்கு அப்படித்தான் போய் இறங்கினார்கள். பந்தலே சிரித்தது. அத்தானும் சிரித்தார். சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் இலையைப் பார்த்துக்கொண்டே, "பக்கத்து சீட்டு காலியா கெடந்தா வண்டி ஒரு பக்கமா இழுக்குத மாதிரி இருக்கு மாப்ள" என்றார்.

அவர் எத்தனையோ சமாதானம் சொல்லிப் பார்த்தார். அக்காவிடம் நானும் கேட்டிருக்கிறேன். ஒரே ஒரு தடவைதான் பதில் சொன்னாள். "அந்த ஆட்டுக் கண்ண அவிய பாக்கல. நான் பாத்தேன்" என்றாள். அதற்குமேல் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

பின்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போடப்போகிறேன் என்று அத்தான் ஒரு நாள் சொன்னபோது பைபாஸ் பக்கம் ஒர்க்ஷாப் வைத்திருக்கிற இசக்கி, வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். இசக்கி அத்தானுக்கு நெடுநாள் சிநேகிதர், அந்தக் காருக்கு வைத்தியர் மாதிரி. முன்சக்கரத்தில் ஏற்கெனவே டிஸ்க் இருக்கிறது, வண்டியை நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன்சக்கரத்துக்குத்தான், பின்னால் இருக்கிற டிரம்மைக் கழற்றிச் சுத்தம் செய்து வைத்தாலே போதும் என்று விளக்கினார். பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற நானும், எனக்கு ஒன்றும் தெரியாத விஷயமாக இருந்தாலும், இசக்கி பக்கம் சேர்ந்துகொண்டு தலையாட்டினேன். அத்தான் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் தெரியும்வே. டிரம்முன்னா மூடிக் கெடக்கு. உள்ள சேறு இருக்கா, தண்ணி இருக்கான்னு யாருக்குத் தெரியும்? டிஸ்க்குன்னா வெளிய இருக்கும்லா. அவ கண்ணால பாக்கலாம்."

இசக்கி அதற்கப்புறம் அளவெடுக்க டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

கோயம்புத்தூரில் ஒருவர் இந்த மாதிரிப் பழைய கார்களுக்கென்றே பின்பக்க டிஸ்க் பிரேக் செட் செய்து விற்கிறார். தட்டுகள், அவற்றைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர்கள், அவற்றைத் தாங்குகிற இரும்புத் தகடுகள், எண்ணெய் போகிற ஹோஸ் எல்லாம் ஒரே பெட்டியில் வந்தன. வந்து சேர்ந்தது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். புது சாமான், பூஜை பார்க்காமல் வண்டியில் ஏற்றுவதா? ஸ்பானர், ஜாக்கி எல்லாவற்றோடும் அந்தக் காலிப்பர்களையும் ஒர்க்ஷாப்பில் வரிசையாக அடுக்கினார்கள். காலிப்பர்மேல் என்னவோ வெள்ளையில் கிறுக்கியிருந்தது. இதன்மேல் எப்படி விபூதி பூசுவது என்று அத்தான் பெட்ரோல் துணியால் பளிச்சென்று துடைத்தார். பட்டை போட்டார், சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார். நான் பொரிகடலை தின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கிறுக்கல், எது இடது சக்கரத்துக்கு எது வலது சக்கரத்துக்கு என்று கோயம்புத்தூர்க்காரர் போட்டு அனுப்பிய அடையாளம். இது எங்களுக்கு அப்போது தெரியவில்லை. பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன.

டிரம்மைக் கழற்றி, தகட்டைப் பொருத்தி, டிஸ்க்கை மாட்டினார்கள். சக்கரத்தைப் போட்டுச் சுற்றினால் காலிப்பர் ரிம்மில் உரசியது. அதற்கு லேத்தில் ஒரு வளையம் கடைந்து வர வேண்டியிருந்தது. நடுவில் மழை, விதைப்பு, கடை வியாபாரம். எப்படியோ எல்லாவற்றையும் மாட்டி, கடைசியில் பிரேக் எண்ணெயில் இருக்கிற காற்றை வெளியேற்றுகிற வேலைக்கு வந்தார்கள். அந்த வேலைக்கு டிரைவர் சீட்டில் ஒருவர் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த உத்தியோகம் எனக்கு. வண்டிக்கு அடியிலிருந்து அத்தான் "மிதி" என்பார், மிதிப்பேன். "பிடி" என்பார், பிடிப்பேன். "விடு" என்பார். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளை எழு, உட்கார் என்று ஆட்டிவைத்த வாத்தியாருக்கு இது தேவைதான் என்று இசக்கி சிரித்தார். மிதித்து மிதித்துக் கால் வீங்கியதுதான் மிச்சம். பெடல் பஞ்சுமூட்டையை மிதிக்கிற மாதிரி உள்ளே போனது. காற்று வந்துகொண்டே இருந்தது. மறுநாளும் அதே கதை.

கடைசியில் கோயம்புத்தூருக்குப் போன் போட்டார்கள். போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார். "விபூதியெல்லாம் நல்லாத்தான் பூசியிருக்கீங்க. ஆனா எடதும் வலதும் மாறிப்போச்சுங்களே" என்றார். காலிப்பர்கள் பக்கம் மாறியதால், காற்று வெளியேறுகிற திருகு மேலே இருப்பதற்குப் பதிலாகக் கீழே இருந்தது. காற்று மேலேயே உட்கார்ந்துகொண்டு எண்ணெயை மட்டும் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. அத்தான் சிரிப்பை அடக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். என் காலைப் பிடித்துப் பார்த்து, "மாப்ள, முருகன் ஒம்ம காலுக்குத்தான் வேலை வச்சிருக்கான்" என்றார். மாற்றிப் போட்டதும் பெடல் கல் மாதிரி நின்றது.

அவர் அப்படி உட்கார்ந்து சிரித்தது அதுதான் கடைசி என்று எனக்கு எப்படித் தெரியும்?

பைபாஸ் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். அருமையாகப் பிடித்தது. அக்காவிடம் சொன்னோம். "பைபாஸ்ல எல்லா வண்டியும் நிக்கும். அந்த ஓடப் பக்கத்துல நிக்கட்டும், பாப்போம்" என்றாள். பார்க்க வருகிறேன் என்றதே பெரிய விஷயம். தை மாதம் ஒரு காலையில் அவள் மினிபஸ்ஸில் போய் இறங்கி, ஓடையைத் தாண்டி ஒரு வேலமரத்து நிழலில் நின்றாள். நாங்கள் காரில் தரைப்பாலத்தில் இறங்கி ஏறினோம். அத்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வளைவில் திரும்பினால், ரோடு முழுக்க உளுந்து. அறுப்புக் காலம் அல்லவா? வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று செடியோடு பரப்பி வைத்திருந்தார்கள். அக்காவுக்கு நேரே நிறுத்த வேண்டும் என்ற வேகத்தில் அத்தான் அதன்மேலேயே பிரேக்கை அழுத்தினார். எந்த பிரேக் போட்டிருந்தால் என்ன, காய்ந்த உளுந்தின்மேல் சக்கரம் நிற்குமா? வண்டி வழுக்கிக்கொண்டு அக்காவைத் தாண்டிப்போய் நின்றது.

உளுந்துக்காரம்மா கம்போடு ஓடிவந்தாள். வண்டியை ஏற்றியதற்கு அவள் ஏசவில்லை. "ஏறிப் போறதுக்குத்தானே பரப்பிருக்கு? நடுவுல நின்னு சறுக்கி வெளையாண்டா உளுந்து பூரா ஓடைக்குள்ளல்லா கெடக்கு" என்றாள். அத்தானும் நானும் முட்டிபோட்டு உளுந்து பொறுக்கினோம். அக்காவும் வந்து முந்தானையில் அள்ளிப் போட்டாள். அள்ளும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தான் நிமிர்ந்து அவள் சிரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் பொறுக்கி முடித்து, கையைத் தட்டிவிட்டு, வண்டிக் கதவைத் திறந்து பிடித்தார். அக்கா ஒரு கணம் நின்றாள். அன்றைக்கு ஏறிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். தூரத்தில் மினிபஸ் ஹாரன் கேட்டது. அவள் கதவைச் சாத்தினாள்.

அதற்கப்புறமும் அவர் விடவில்லை. மழை பெய்து முடித்தால் வாசலில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்து டிஸ்க்கைக் கழுவித் துடைத்து, "கோமதி, இங்கன வந்து பாரேன், கண்ணாடி மாதிரி இருக்கு" என்று கூப்பிடுவார். அவள் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "பாத்தாச்சு" என்று உள்ளே போவாள். "பாத்தாச்சாம்லா" என்று என்னிடம் சொல்லிக்கொள்வார். அதிலேயே அவருக்கு ஒரு திருப்தி இருந்தது. இவ்வளவு அலைச்சல் எதற்கு, விற்றுத் தொலைத்துவிட்டு வேறு கார் வாங்கினால் அக்கா ஏறுவாளே என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. "வேற வண்டியில ஏறிட்டா, இந்த வண்டிய ஓட்டுனவன் மேல பயம் தெளிஞ்சிட்டுன்னு எப்படிவே தெரியும்?" என்றார். அத்தனை வருஷமும் அவர் மனதில் கிடந்தது அதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இந்த ஐப்பசியில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்த தெருவிலிருந்து நான் ஓடுவதற்குள் பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஏற்றியிருந்தார்கள், அக்கா கூட இருந்தாள். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு நான் காரில் பின்னாலேயே போனேன். கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மருந்து கொடுத்து, தாமதிக்காமல் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் வேறு ஒரு விபத்துக்குப் போயிருந்தது, வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். "வண்டிய எடு" என்றாள்.

நான் வாசலுக்கு வண்டியைக் கொண்டுவந்தேன். அவள் தானே பின்கதவைத் திறந்தாள். முதலில் ஏறினாள். ஆடு அடிபட்ட அன்று இருந்த அதே ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து, அவர் தலையை வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினாள். படுக்க வைத்தோம். அத்தான் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் கவனிக்காமல் ஏறிவிட்டாள் என்று நினைத்தாரோ என்னவோ, அவளைப் பயப்படுத்தக் கூடாது என்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்: "கோமதி, இது நம்ம வண்டி."

"தெரியும். பேசாம படுங்க" என்றாள் அக்கா.

எனக்குக் கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

நாலுவழிச் சாலையில் மழை பிடித்துக்கொண்டது. கயத்தாறு தாண்டியிருப்போம். நான் அதற்குமுன் அந்த வண்டியில் அவ்வளவு வேகம் போனதில்லை. நடுத்திட்டின் இடைவெளியிலிருந்து வைக்கோல் பாரம் ஏற்றிய டிராக்டர் ஒன்று திடீரென்று குறுக்கே திரும்பியது. ரோடு முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. நான் பெடலை மிதித்தேன். அத்தானும் இசக்கியும் வண்டிக்கு அடியில் கிடந்து எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே மிதி. அந்த நனைந்த ரோட்டில் வண்டி இம்மிகூட இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகவில்லை. வால் சுழலவில்லை. கோடு கிழித்த மாதிரி நேராகப் போய், வைக்கோலுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. பின்சீட்டில் அவர் உடம்பு உருளக்கூட இல்லை.

டிராக்டர் நகர்கிற அந்தச் சமயத்தில் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது. கண் மூடித்தான் இருந்தது. "பாத்தியா?" என்றார்.

"பாத்தேன். நல்லா நின்னுட்டு" என்றாள் அக்கா.

அவர் அதற்குமேல் பேசவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், அவர் கை அக்காவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. மிச்ச தூரத்துக்கு நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதும் அந்தக் கை விடவில்லை. அப்புறம்தான் நான் கார் நிறுத்தப் போனேன்.

நேராக நின்று என்ன பிரயோஜனம், அவர் நிற்கவில்லையே என்று அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வண்டியைக் காலால் உதைத்தேன். வேப்பமரத்தடியில் நின்று ஒரு கிழவன் காரை உதைத்து அழுததைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியவில்லை.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போன பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். எதிரே வந்து உட்கார்ந்தாள். அப்புறம் கேட்டாள்: "தம்பி, அவிய கேட்டப்போ நான் பாத்தேன்னு சொன்னேன்லா. நான் பாக்கல. நீ பிரேக்க மிதிச்சதும் கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன். ஒண்ணும் தெரியாது எனக்கு. அவிய மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்லிட்டேன். நீ சொல்லு, எப்படி நின்னுது?"

நான் சொன்னேன். டிராக்டர் எந்தப் பக்கமிருந்து வந்தது, எவ்வளவு தூரத்தில் மிதித்தேன், பெடல் எப்படி இருந்தது, வைக்கோலுக்கும் பானட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருந்தது எல்லாம் சொன்னேன். ஒன்றைக்கூட விடாமல் கேட்டாள். "வாலு சுத்தலையே?" என்றாள். சுற்றவில்லை என்றேன். "சத்தியமா?" என்றாள். சத்தியமாக என்றேன். "அப்ப நான் அவியகிட்ட பொய் சொல்லல" என்று சொல்லிவிட்டு, அந்தப் பதினாறு நாளும் அழாத அழுகையை அழுதாள்.

அவருடைய வாட்ச், மோதிரம், கடை, காடு எல்லாம் யார் யாருக்குப் போக வேண்டுமோ போகும். என்னிடம் இருப்பது மழையில் அந்த வண்டி நின்ற நிற்பு ஒன்றுதான். அன்று அந்த வண்டியில் இருந்த மூன்று பேரில் ஒருவர் கண் ஏற்கெனவே மூடியிருந்தது, இன்னொருத்தி மூடிக்கொண்டாள். கண்ணைத் திறந்து வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். அதனால் பஸ்ஸுக்குப் பின்னால் வந்த அவரைப் பார்த்துச் சிரித்த உங்கள் எல்லோருக்கும் நான்தான் சொல்ல வேண்டும். அக்கா ஏறினாள். வண்டி நேராக நின்றது. நான் பார்த்தேன்.